பொய்க்கவறு முதல் பல்கலைக்கழகம் வரை



'சூதுவாது தெரியாத பிள்ளை' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பிள்ளைக்குச் சூதாடத் தெரியாது என்பதா இதன் பொருள்? இல்லை. வஞ்சகம் அறியாத, வெள்ளை உள்ளம் கொண்ட பிள்ளை என்பதே பொருள். ஒரு விளையாட்டின் பெயர் வஞ்சகத்தின் பெயராகவே ஆகிவிட்டது. இது எப்படி நேர்ந்தது? இக்கேள்வியோடு பழைய நூல்களைப் புரட்டினால் கவறு, வட்டு, வல்லு, தாயம், கைதவம், கழகம் என்று ஒரு சொற்கூட்டமே எழுந்து வருகிறது. வகுப்பறையில் சொற்பொருள் கற்பிக்கும் நமக்கு இக்கூட்டத்தின் வரலாறு பெரிதும் பயன்படும் என்பதால் அதனை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

பொய்க்கவறு என்பது யாது?

பகடைக்காய்க்கு ஆறு முகங்கள் உண்டு. நேர்மையான காயில் ஆறு முகங்களும் சம வாய்ப்போடு மேலே வரும். இன்றைய காய்களில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை ஏழாக இருக்கும். ஒன்றுக்கு எதிரே ஆறு, இரண்டுக்கு எதிரே ஐந்து, மூன்றுக்கு எதிரே நான்கு. இப்போது ஒருவன் 'ஒன்று' என்னும் முகத்தை ஒட்டி உள்ளே குடைந்து, சிறிது ஈயத்தை வைத்து மூடிவிடுகிறான் என்று கொள்வோம். பாரம் உள்ள பக்கம் கீழே போகும். அதற்கு எதிரே உள்ள 'ஆறு' அடிக்கடி மேலே வரும். பார்ப்பவர் கண்ணுக்குக் காய் மாறாது. ஆட்டம் மட்டும் மாறிவிடும். ஒரு பக்கத்தைச் சற்றே தேய்த்துவிடுவது, ஒரே எண்ணை இரு முகங்களில் பொறித்துவிடுவது என்று வேறு வழிகளும் உண்டு.

இத்தகைய காய்க்கு ஆங்கிலத்தில் 'ஃபுல்லம்' என்று ஒரு பழஞ்சொல் இருந்தது. சேக்சுபியரின் நாடகம் ஒன்றிலும் அச்சொல் வருகிறது. இலண்டன் அருகே இருந்த ஃபுல்லம் என்னும் ஊர் சூதாடிகளுக்குப் பெயர் போனதாக இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். உள்ளே நிரப்பப்பட்ட காய் என்னும் பொருளில் வந்தது என்பர் வேறு சிலர். இன்று அச்சொல் அங்கே வழக்கொழிந்துவிட்டது.

வடமொழியில் இதற்குக் 'கூடாட்சம்' என்று பெயர். அட்சம் என்பது காய். கூடம் என்பது பொய், வஞ்சனை. பொய்ச்சான்று சொல்பவனைக் 'கூடசாட்சி' என்று குறிப்பதும் இச்சொல்லைக் கொண்டே ஆகும். யாக்ஞவல்கியரின் அறநூல் பொய்க்கவறு கொண்டு ஆடுவோரை அடையாளக் குறியிட்டு நாட்டைவிட்டுத் துரத்தவேண்டும் என்று விதிக்கிறது. சட்டம் இயற்றும் அளவுக்கு அக்குற்றம் பரவியிருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பள்ளிக்கூடம் என்னும் சொல்லில் உள்ள 'கூடம்' வேறு. அது மக்கள் கூடும் இடத்தைக் குறிப்பது. எழுத்து ஒன்றாக இருப்பதால் மட்டும் இரு சொற்கள் ஒன்றாகிவிடா. இதனை நாமும் நினைவிற்கொண்டு மாணவர்க்கும் உணர்த்தவேண்டும்.

தமிழர் கையில் உருண்ட காய்கள்

கவறு என்பது பகடைக்குரிய பழந்தமிழ்ச் சொல். கலித்தொகையில், நெய்தற்கலியில் ஓர் அழகிய காட்சி வருகிறது. கடற்கரை மணலில் நண்டு ஓடிய தடங்கள், கழகத்தில் ஓயாது உருட்டப்பட்ட கவறு பதித்த வடுக்களைப்போல் தோன்றுகின்றன என்று புலவர் உவமை சொல்கிறார். கவறு உருளும் ஓசையும் அது விழுந்த தழும்பும் அக்காலத்து மக்களுக்கு எவ்வளவு பழகியவை என்பதற்கு இவ்வுவமையே சான்று.

வட்டு என்பது இன்னொரு சொல். வட்டமான காயைக் குறிப்பது. திருவள்ளுவர் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில் இச்சொல்லைக் கையாளுகிறார். நிறைந்த கல்வி இல்லாமல் அவையில் பேசப் புகுவது, கட்டம் வரையாமல் வட்டாடுவதைப் போன்றது என்கிறார். ஆசிரியர்களாகிய நாம் இதனை ஊன்றி நோக்கவேண்டும். இங்கே வட்டாட்டம் பழிக்கப்படவில்லை. விதியும் எல்லையும் உள்ள ஓர் ஆட்டமாகக் கொள்ளப்பட்டு, கல்விக்கே உவமையாகிறது. காயும் கட்டமும் தம்மளவில் குற்றமுடையன அல்ல என்பதை வள்ளுவர் நன்கு அறிந்திருந்தார்.

வல்லு என்பது மூன்றாவது சொல். புறநானூற்றின் 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார் பாழ்பட்ட ஓர் ஊரைக் காட்டுகிறார். ஒரு காலத்தில் நரைத்த முதியவர்கள் அமர்ந்து வல்லாடிய பொதுவிடம் அது. காய்களை வைத்து வைத்து நிலம் குழிந்துவிட்டது. ஊர் அழிந்தபின் அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஓர் ஊரின் வீழ்ச்சியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலுமோ! அப்பாடலில் காய்க்கு 'நாய்' என்று பெயர். பழங்கிரேக்கரும் தம் பலகையாட்டக் காய்களை நாய் என்றே அழைத்தனர் என்பது வியப்பான ஒற்றுமை.

அகழாய்வும் இதற்குத் துணை நிற்கிறது. சிவகங்கை மாவட்டம் கீழடியில் பகடைகளும் வட்டச்சில்லுகளும் சுடுமண்ணால் ஆன ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. 2022ஆம் ஆண்டு நடந்த எட்டாம் கட்ட அகழாய்வில் யானைத் தந்தத்தால் செய்த நீள்சதுரப் பகடை ஒன்று வெளிப்பட்டது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிலும் ஆறு முகப் பகடைகள் கிடைத்துள்ளன. அவற்றில் பலவற்றின் எண்ணமைப்பு இன்றைய காய்களினின்று வேறுபட்டது. ஒன்றுக்கு எதிரே இரண்டும், மூன்றுக்கு எதிரே நான்கும், ஐந்துக்கு எதிரே ஆறும் அமைந்திருந்தன.

வேதகாலத்தில் தான்றிக்காயின் கொட்டைகளையே கவறாகக் கொண்டனர். கடுக்காய், நெல்லிக்காயோடு சேர்ந்து திரிபலைச் சூரணத்தில் இடம்பெறும் அதே தான்றிக்காய்தான். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என எண்ணி விழும் ஆட்ட எண்களுக்குக் கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று பெயர். நான்கு யுகங்களின் பெயர்களும் இவையே. கலி என்றால் தோற்கும் எண். நாம் 'கலிகாலம்' என்று பெருமூச்சு விடும்போது, சூதாட்டத்தில் தோற்றவன் சொன்ன சொல்லையே நம்மை அறியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் தோட்டங்களில் ஆடப்பட்ட தாயத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. கோலா கெத்தில் போன்ற ஊர்களைச் சூழ்ந்த கித்தாத் தோட்ட லயங்களில் பித்தளைத் தாயக்கட்டை இல்லாத வீடுகள் பல. புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்தால் போதும், காய் ஆயத்தம். தாயம் என்னும் சொல்லுக்குப் பரம்பரைச் சொத்தில் உள்ள உரிமைப்பங்கு என்னும் பொருளும் உண்டு. தாயாதி என்ற உறவுச்சொல் அதிலிருந்து வந்தது. பாண்டவர்க்கும் கௌரவர்க்கும் இடையே நடந்தது தாயாதிச் சண்டை. அது தாயத்தால், அதாவது கவற்றால், தீர்க்கப்பட முயன்றபோதுதான் பேரழிவு விளைந்தது. ஒரு சொல்லுக்குள் ஒரு காவியமே அடங்கியிருக்கிறது அல்லவா?

கைகரந்த புலவர்

இனி, ஏமாற்றுக்கு வருவோம். ஃபுல்லம் போலவும் கூடாட்சம் போலவும் காயைச் சுட்டும் பெயரைத் தேடிப் பழந்தமிழ் நூல்களுக்குள் சென்றால், நம் முன் வந்து நிற்பது காயின் பெயர் அன்று, கையின் செயல்.

புறநானூற்றின் 43ஆம் பாடலின் அடிக்குறிப்பு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் தாமப்பல் கண்ணனார் என்னும் புலவரும் வட்டாடினர். ஆட்டத்தின் நடுவே புலவர் வட்டைக் கைக்குள் மறைத்துவிட்டார். அடிக்குறிப்பு இதனைக் 'கைகரத்தல்' என்று சொல்கிறது. கரத்தல் என்றால் ஒளித்தல். சினங்கொண்ட இளவரசன் அந்த வட்டையே எடுத்துப் புலவர்மீது எறிந்தான். புலவர் சும்மா இருக்கவில்லை. புறாவுக்காகத் தன்னையே தந்த சிபியின் வழியில் வந்தவனா நீ, உன் முன்னோர் எவரும் இவ்வாறு செய்ததில்லையே, உன் பிறப்பையே ஐயுறவேண்டியிருக்கிறதே என்று கடுஞ்சொல் கூறினார்.

அடுத்து நடந்ததுதான் இந்நிகழ்ச்சியின் சிறப்பு. வாளேந்தும் குலத்தில் பிறந்த இளவரசன் மேலும் சினக்கவில்லை. தான் செய்தது தகாத செயல் என்று நாணித் தலைகவிழ்ந்தான். அது கண்ட புலவர் நெகிழ்ந்தார். பிழை செய்தவன் நான், நாணுகிறவன் நீயா என்று வியந்தார். காவிரி குவித்த மணலினும் பல நாள் நீ வாழ்க என்று வாழ்த்தினார்.

இப்பாடலை மாணவர்க்குக் கதையாகச் சொல்லலாம். ஏமாற்றியவர் புலவர், அதாவது கற்றவர். அடித்தவன் இளவரசன், அதாவது வலியவன். இருவரும் தவறினர். இருவரும் அதை உணர்ந்தனர். கற்றவர் செய்த குற்றத்தை மறைக்காமல் பாடலாக்கி, அதைத் தொகுத்து, ஈராயிரம் ஆண்டுகள் காத்துவந்திருக்கிறது இம்மொழி. இதுவும் ஒரு நேர்மைதான்.

திருவள்ளுவரும் சூது அதிகாரத்தின் 5ஆம் குறளில் மூன்றை வரிசைப்படுத்துகிறார்: ஆடும் காயாகிய கவறு, ஆடும் இடமாகிய கழகம், ஆடுபவனின் கை. இம்மூன்றையும் பெரிதாகக் கொண்டு கைவிடாதவர் எல்லாம் இழந்தனர் என்கிறார். இங்கே 'கை' என்பதற்குக் காயை வேண்டியவாறு உருட்டும் கைத்திறன் என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். பொய் காயில் இல்லை, கையில் இருக்கிறது என்பதே தமிழ் நமக்குக் காட்டும் உண்மை. கருவியைப் பழிப்பது எளிது. அதனைப் பிடித்திருக்கும் கையை நோக்குவதே அறம்.

சூதும் கைதவமும்

சூது என்னும் சொல்லை 'த்யூதம்' என்னும் வடசொல்லோடு அகராதிகள் இணைக்கின்றன. தொடக்கத்தில் அதன் பொருள் கவறாட்டம் மட்டுமே. நாளடைவில் வஞ்சனை, உள்நோக்கம், தந்திரம் ஆகிய பொருள்கள் வந்து சேர்ந்தன. இன்று பேச்சுவழக்கில் அப்பொருள்களே மேலோங்கி நிற்கின்றன. 'சூதுமதி', 'சூழ்ச்சியும் சூதும்' என்றெல்லாம் சொல்லும்போது பகடைக்காய் நம் நினைவுக்கே வருவதில்லை.

இதற்கு இணையாக இன்னொரு சொல் உண்டு. 'கைதவம்' என்றால் இலக்கியத் தமிழில் வஞ்சகம். இதனைக் கை, தவம் என்று பிரித்துப் பொருள் சொல்ல முயன்றால் வழிதவறிவிடுவோம். வடமொழியில் 'கிதவன்' என்றால் சூதாடி. கிதவனின் தன்மை 'கைதவம்'. ஆகவே, சூதாடியின் இயல்பு என்பதே அச்சொல்லின் முதற்பொருள். அதுவே பிறகு எல்லா வஞ்சகத்துக்கும் பொதுப்பெயராயிற்று. இரண்டு வெவ்வேறு சொற்கள் ஒரே பாதையில் நடந்து ஒரே இடத்தை அடைந்திருக்கின்றன. ஆட்டக்களத்தில் மக்கள் பட்ட அனுபவமே இச்சொற்களின் பொருளை மாற்றியது என்று கொள்வதில் தவறில்லை.

காவியங்களும் இவ்வனுபவத்தையே பேசுகின்றன. பாரதத்தில் வரும் நளன் கதையில், கலி நளனைப் பற்றிக்கொள்ள, துவாபரனோ காய்க்குள்ளே புகுந்துகொள்கிறான். உள்ளே ஏதோ ஒன்று புகுத்தப்பட்ட காய் என்பதற்கு இதைவிடத் தெளிவான உருவகம் தேவையில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கவுந்தியடிகள் கோவலனைத் தேற்றும்போது, வல்லாட்டத்தில் நாட்டை இழந்து மனைவியோடு காடு சென்ற இந்த நளனையே எடுத்துக்காட்டுகிறார். சகுனி தன் தந்தையின் எலும்பால் செய்த காய்களைக் கொண்டு ஆடினான் என்னும் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வியாசர் பாரதத்தில் அச்செய்தி இல்லை. அது மக்கள் படைத்தது. நேர்மையான காயால் இத்தனை பெரிய அநீதி நடந்திருக்க முடியாது என்று மக்கள் உள்ளம் கருதியதால் எழுந்த கதை அது. வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து பாரதியாரின் பாஞ்சாலி சபதம் வரையிலும், வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்து மேடைகளிலும் இச்சூதாட்டக் காட்சி மீண்டும் மீண்டும் உயிர்பெற்று வந்திருக்கிறது.

அரசும் சூதும்

சூதின் தீமையை அறிந்த அரசுகள் அதனை முற்றிலும் ஒழித்தனவா? பெரும்பாலும் இல்லை. கௌடிலியரின் பொருள்நூல் சூதாட்டத்துக்கென ஓர் அதிகாரியையே அமர்த்தச் சொல்கிறது. ஆட்டம் ஓரிடத்திலேயே நடக்கவேண்டும். காய்களை அவ்வதிகாரியே வழங்கவேண்டும். வேறு காயை நுழைப்பவனுக்கு 12 பணம் தண்டம். வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து அரசுக்குரியது. சூதாடிகள் பெரும்பாலும் பொய்யாட்டம் ஆடுபவர்களே என்று அந்நூலே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் வருவாயை விடுவதற்கில்லை!

நம் நாட்டு வரலாறும் இதனின்று வேறன்று. 19ஆம் நூற்றாண்டில் மலாய் மாநிலங்களில் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. கெடாவில் இக்குத்தகைகளைப் பினாங்கு வணிகர்கள் எடுத்து நடத்தினர். தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி இவ்வழியாகவே திரும்பிச் சென்றது. பிற்காலத்தில் கட்டுப்பாடுகள் வந்தன. பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் 1953ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சட்டம் வந்தாலும் சபலம் போகவில்லை. தோட்டத்து வாழ்வில் சம்பள நாளன்று சீட்டுக் கட்டின் முன்னும் கள்ளுக்கடையின் முன்னும் கரைந்த பணம், பிள்ளைகளின் புத்தகமாகவும் சீருடையாகவும் மாறியிருக்கவேண்டிய பணம் என்பதை மூத்த தலைமுறையினர் அறிவர்.

வெற்றியும்கூடத் தூண்டிலில் மாட்டிய இரும்பை மீன் விழுங்கியதைப் போன்றதே என்று வள்ளுவர் சூது அதிகாரத்தின் முதற்குறளிலேயே எச்சரிக்கிறார். அவ்வதிகாரத்தின் கடைசிக் குறளில், இழக்க இழக்கச் சூதின்மீது ஆசை பெருகுவதை, துன்புறத் துன்புற உயிர்மீது ஆசை பெருகுவதோடு ஒப்பிடுகிறார். இழந்தவன் ஏன் எழுந்து போவதில்லை என்னும் கேள்விக்கு அன்றே விடை சொல்லிவிட்டார்.

கழகம் மீண்ட கதை

இதுவரை, நல்ல விளையாட்டுச் சொல் வஞ்சகச் சொல்லாகத் தாழ்ந்த வரலாற்றைக் கண்டோம். இனி, அதற்கு நேர் எதிரான வரலாறு ஒன்றைக் காண்போம்.

கலித்தொகையில் கவறு உருளும் இடத்துக்குப் பெயர் கழகம். திருக்குறளிலும் சூது அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் இடமே. பழகிய செல்வத்தையும் பண்பையும் கெடுக்கும் இடம் அது என்கிறார் வள்ளுவர். கம்பரின் காலத்துக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. கம்பராமாயணத்தின் பாலகாண்டத்தில் கழகம் என்பது இளைஞர்கள் கலை பயிலும் இடம். பலர் ஒன்றுகூடும் இடம் என்பதே அச்சொல்லின் அடிப்படை. கூடியவர்கள் கவறு உருட்டினால் அது சூதுக்களம். கூடியவர்கள் சுவடி விரித்தால் அது கல்விக்களம்.

20ஆம் நூற்றாண்டில் இச்சொல் புதுப்பிறவி எடுத்தது. 1920இல் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பழந்தமிழ் நூல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1944இல் திராவிடர் கழகமும் 1949இல் திராவிட முன்னேற்றக் கழகமும் அச்சொல்லை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தன. சர்வகலாசாலை என்று வழங்கியது பல்கலைக்கழகம் ஆயிற்று. இன்று நம் பிள்ளைகள் செல்லவேண்டும் என்று நாம் கனவு காணும் இடத்தின் பெயர் அதுவே. மலாயாப் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், நம் கெடாவில் சிந்தோக்கில் அமைந்த வட மலேசியப் பல்கலைக்கழகம், பீடோங் வட்டாரத்தில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் என்று எத்தனை கழகங்கள்! ஆசிரியர்களை உருவாக்கும் நிறுவனத்தையும் ஆசிரியர் கல்விக் கழகம் என்றே வழங்குகிறோம். அதன் வளாகங்களுள் ஒன்று சுங்கை பட்டாணியிலேயே இருக்கிறது.

கெடா மக்களாகிய நமக்கு இங்கே இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களுள் 'காழகம்' என்னும் நாட்டின் செல்வத்தையும் குறிப்பிடுகிறது. நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று உரை எழுதினார். கடாரம் என்பது நம் கெடா. காழகம் வேறு, கழகம் வேறு. ஒரு நெடில் குறிலானால் ஒரு நாடே காணாமற்போய்விடும். குறில், நெடில் வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ!

வகுப்பறைக்கும் வீட்டுக்கும்

இவ்வரலாற்றால் நாம் பெறுவது என்ன? முதலாவது, பகடைக்காயைக் கண்டு பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை. பரமபதமும் தாயமும் எண்ணறிவையும் பொறுமையையும் தோல்வியைத் தாங்கும் உள்ளத்தையும் வளர்ப்பவை. பந்தயப் பணம் நுழையும் இடத்தில்தான் ஆட்டம் சூதாகிறது. பண்டிகை நாள்களில் பெரியவர்கள் பணம் வைத்துச் சீட்டாடும்போது, அருகே அமர்ந்து சில்லறையை எண்ணிக்கொடுக்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, பொய்க்கவற்றைக் கண்டுபிடிக்கும் அறிவைப் பிள்ளைகளுக்குத் தரலாம். ஒரு காயை 60 முறை உருட்டி, விழும் எண்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முகமும் ஏறத்தாழ 10 முறை வரவேண்டும். 7 முறையோ 13 முறையோ வந்தால் அது இயல்பே. ஒரே முகம் 25 முறைக்குமேல் வந்தால் அக்காயை ஐயுறலாம். ஒரு குவளை நீரில் உப்பை நிறையக் கரைத்து, மிதக்கும் நெகிழிக் காயை அதில் இட்டுப் பார்க்கலாம். திருப்பித் திருப்பிவிட்டாலும் ஒரே முகம் மேலே வந்தால், எதிர்ப்பக்கத்தில் பாரம் இருக்கிறது என்று பொருள். தேய்த்த புளியங்கொட்டையைக் கொண்டும் இச்சோதனையைச் செய்யலாம். ஒரு பக்கம் மிகுதியாகத் தேய்ந்துவிட்டால் கொட்டை ஒரு சார்பாகவே விழும் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டறிவார்கள். கணிதம், அறிவியல், தமிழ் மூன்றும் ஒரே பாடத்தில் கைகோக்கும்.

மூன்றாவது, மிக முதன்மையானது. இன்று காய் கையில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது. திரையில் உருளும் காய்க்கு எடையும் இல்லை, முகமும் இல்லை. எந்த எண் வரவேண்டும் என்பதை எங்கோ எழுதப்பட்ட நிரல் முடிவு செய்கிறது. 60 முறை உருட்டிப் பார்த்தும் பயனில்லை. முதலில் வெல்லவிட்டுப் பிறகு இழக்கச் செய்யும்படி அந்நிரலை அமைக்க முடியும். தூண்டிலில் இருக்கும் இரும்பு அன்றே வள்ளுவர் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அது இன்னும் மெல்லியதாகியிருக்கிறது, அவ்வளவே. தாமப்பல் கண்ணனார் மறைத்தது ஒரு வட்டை. இணையச் சூதாட்டத்தில் மறைந்திருப்பதோ முழுக் கையும். 'கைகரத்தல்' என்னும் சொல் இதற்கு எவ்வளவு பொருத்தமாக அமைகிறது! எதிரே அமர்ந்து ஆடியவன் குற்றத்தை உணர்ந்து நாணினான். எதிரே யாருமே இல்லாத ஆட்டத்தில் நாணுவதற்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே, பிள்ளைகளைச் சூதுவாது அறியாதவர்களாக வைத்திருந்தால் மட்டும் போதாது. சூதை அறிந்து விலகுபவர்களாக வளர்ப்பதே இன்றைய தேவை. அறியாமை வெள்ளை உள்ளத்துக்கு அழகு. ஆனால் அதுவே காவல் ஆகாது.

கவறு என்னும் சொல் அகராதிக்குள் அடங்கிவிட்டது. சூது என்னும் சொல் வஞ்சகத்தின் பெயராகத் தாழ்ந்தது. கழகம் மட்டும் எழுந்து நின்று கல்வியின் பெயராயிற்று. சொற்கள் தாமாக மாறுவதில்லை. அவற்றைச் சொல்லும் மக்கள் எங்கே கூடினார்கள், கூடி என்ன செய்தார்கள் என்பதே அவற்றின் பொருளை முடிவு செய்கிறது. நம் பிள்ளைகள் கூடும் இடங்களை நல்ல இடங்களாக்கும் பொறுப்பு ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் சமமாகவே உண்டு.